மண் தாங்கும் செங்கல் சுவர்: ஐப்பசி மழைக்கு முன் சில குறிப்புகள்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கிறதே, அந்த ஐயம்பேட்டையைச் சொல்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்து ஐயம்பேட்டையை அல்ல. இங்கே மலை கிடையாது. 'மண் தாங்கும் சுவர்' என்றால் அது ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் சமாச்சாரம் என்றுதான் தோன்றும். ஆனால் சாலை ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவுறுத்தியது. அதற்கு முன்பே பல தெருக்களில் வீட்டு வாசல்கள் பள்ளத்துக்குப் போய்விட்டன. புதிதாகக் கட்டுகிறவர் சாலைக்கு மேல் மூன்றடி, நாலடி பேஸ்மென்ட் எழுப்பி உள்ளே மண் கொட்டுகிறார். ஒட்டினாற்போல் இருக்கும் பழைய நெசவாளர் வீட்டில் தரைக்குக் கீழே தறிக்குழி. பேஸ்மென்ட் சுவர், தோட்டத்து மேட்டுச் சுவர், தறிக்குழிச் சுவர் மூன்றுமே ஒரு பக்கம் மண்ணும் மறுபக்கம் வெறும் இடமுமாக நிற்பவை.

ஐப்பசி, கார்த்திகையில் இவற்றில் ஒன்று தொந்தி தள்ளினால் உடனே "சிமென்ட் கம்மியா போட்டுட்டான்" என்று மேஸ்திரியைத் திட்டுகிறோம். பெரும்பாலும் குற்றம் சிமென்டில் இல்லை, சுவருக்குப் பின்னால் போட்ட மண்ணில் இருக்கிறது.

1. சுவரைத் தள்ளுவதில் மண்ணைவிடத் தண்ணீருக்குத்தான் பங்கு அதிகம். நாலடி உயரச் சுவருக்குப் பின்னால் மணற்பாங்கான காய்ந்த மண் இருந்தால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஏறக்குறைய 430 கிலோ பாரம் பக்கவாட்டில் அழுத்தும். அதே மண்ணில் மேல்மட்டம்வரை தண்ணீர் தேங்கினால் அது 950 கிலோவுக்குப் போய்விடும். மணல் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து பிடித்துக்கொள்வதால் தம் பாரத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பக்கவாட்டில் தள்ளுகின்றன. தண்ணீருக்கு அந்தப் பிடிப்பு இல்லை. முழுப் பாரத்தையும் சுவர்மேல் போடும். இந்தக் கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டவர்களில் ஒருவர், பள்ளிக்கூடத்தில் மின்சாரப் பாடத்தில் படித்தோமே, அதே கூலும். அவர் அடிப்படையில் ராணுவப் பொறியாளர். மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டிய அனுபவத்தை வைத்து 1773-இல் பாரிஸில் வாசித்த கட்டுரையில் மண் அழுத்தத்தைப் பற்றி எழுதினார்.

2. உயரம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. சுவரைக் கவிழ்க்கும் வலு எட்டு மடங்கு. "ஒண்ணரை அடிதானே, இன்னும் ஒண்ணரை அடி ஏத்திடலாம்" என்று நடுவில் முடிவை மாற்றுவது அதனால்தான் ஆபத்து. சுவரின் அடி அகலம் உயரத்தில் பாதியாவது இருக்கட்டும். ஒன்றரை அடி மண்ணுக்கு ஒன்பது அங்குலச் சுவர் போதும். மூன்றடிக்கு அடியில் பதினெட்டு அங்குலம் வைத்து, மேலே போகப் போகப் படியாகக் குறைத்துக்கொள்ளலாம். படியை மண் பக்கம் வைத்தால் படிமேல் உட்காரும் மண்ணும் சுவரை அழுத்திப் பிடிக்கும். நாலடியைத் தாண்டினால் செங்கல் கணக்கை விட்டுவிட்டு, கம்பி போட்ட கான்கிரீட் சுவருக்குப் பொறியாளரிடம் வரைபடம் வாங்குங்கள்.

3. நிரப்பும் மண்ணைக் கையால் சோதிப்பது சுலபம். ஒரு பிடி மண்ணை எடுத்து, கல்லையும் வேரையும் நீக்கிவிட்டு, சப்பாத்தி மாவு பதத்துக்கு நனைத்துப் பிசையுங்கள். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் திரி போல உருட்டுங்கள். தீக்குச்சி அளவு மெல்லிசாக உருட்டியும் உடையாமல் வளைந்தால் அது களி. சுவருக்குப் பின்னால் கூடாது. பென்சில் கனத்துக்கு வருவதற்குள்ளேயே பிட்டுப் பிட்டாக விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். உருட்டவே வரவில்லை, கையில் பசையும் ஒட்டவில்லை என்றால் இன்னும் நல்லது. லாரி வந்து கொட்டிய பிறகு சோதித்துப் பயனில்லை. மண் எடுக்கும் இடத்திலிருந்தே ஒரு பை கொண்டுவரச் சொல்லுங்கள்.

4. இன்னொரு சோதனை. அடியில் ஓட்டை உள்ள பூந்தொட்டி இரண்டை எடுத்து, ஒன்றில் நிரப்பப்போகும் மண்ணையும் மற்றதில் சுத்தமான கிராவலையும் ஒரே உயரத்துக்குத் தட்டி நிரப்புங்கள். இரண்டிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். கிராவல் தொட்டியில் சில நிமிடத்தில் அடி ஒழுக ஆரம்பிக்கும். உங்கள் மண் தொட்டியில் அரை மணி கழித்தும் தண்ணீர் மேலேயே குளமாக நின்றால், கார்த்திகை மாதம் உங்கள் சுவருக்குப் பின்னால் நடக்கப்போவது அதுதான்.

5. எதை நிரப்பலாம்? கல் கலந்த செம்மண் கிராவல் முதல் தரம். கரடுமுரடான மணல் நல்லது. ஆனால் பாலாற்றைச் சுரண்டிய அளவு போதும், நிரப்புவதற்கு ஆற்று மணல் தேடுவது பணத்துக்கும் கேடு, ஊர்க் கிணறுகளுக்கும் கேடு. பழைய சுவர் இடித்த சுத்தமான செங்கல் துண்டுகளைப் பூச்சுத்தூள் சலித்துவிட்டு நடுப்பகுதியில் போடலாம். சவுடு என்ற பெயரில் வருவது லோடுக்கு லோடு மாறும். ஒரு நாள் மணற்பாங்காக இருக்கும், மறுநாள் பச்சைக் களியாக இருக்கும். பெயரை நம்பாமல் ஒவ்வொரு லோடையும் மேலே சொன்னபடி உருட்டிப் பாருங்கள்.

6. எதை நிரப்பக் கூடாது? ஏரி வண்டல். வயலுக்கு அது உரம். சுவருக்குப் பின்னால் போட்டால் சித்திரை வெயிலில் சுருங்கிச் சுவரை விட்டு விரல் நுழையும் அளவுக்கு விலகும். அடுத்த மழையில் அந்த விரிசலுக்குள் தண்ணீர் இறங்கும், மண் உப்பும், இரண்டும் சேர்ந்து சுவரைத் தள்ளும். கிரஷர் டஸ்ட் எனப்படும் கல் தூளும் வேண்டாம். பார்க்க மணல் மாதிரி இருந்தாலும் அதன் மாவு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தேங்காய் மட்டை, மரத்துண்டு, குப்பை கலந்த மண் மக்கி உள்வாங்கும். கூடவே கரையானும் வரும். மரத்தறி நிற்கும் வீட்டில் கரையானை நாமே அழைத்துவரலாமா?

7. எந்த மண் போட்டாலும் சுவரை ஒட்டி ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி கட்டாயம். 20 முதல் 40 மி.மீ. அளவுள்ள கருங்கல் ஜல்லியை, தூள் இல்லாமல் கழுவி, அடியிலிருந்து மேலே முக்கால் அடி விட்டு நிரப்புங்கள். மண்ணில் இறங்கும் தண்ணீர் இந்த ஜல்லிக்குள் வந்ததும் நேராகக் கீழே போய்விடும். சுவரை அழுத்த நேரமிருக்காது. ஜல்லிக்கும் மண்ணுக்கும் இடையில் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்தால் மண் புகுந்து ஜல்லியை அடைக்காது. பழைய வேட்டி, சாக்கு எல்லாம் இரண்டே மழையில் மக்கிவிடும். அந்தச் சிக்கனம் உதவாது. துணி கிடைக்காவிட்டால் ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் அரை அடிக்குக் கரடான மணல் போடலாம். கையில் இருப்பது கொஞ்சம் பணம்தான் என்றால் அதை ஜல்லியில் போடுங்கள். கலவையில் கூடுதல் சிமென்ட் போட்டு ஜல்லியை மிச்சம் பிடிப்பது தலைகீழ்க் கணக்கு.

8. ஜல்லியில் இறங்கிய தண்ணீர் வெளியே போக வழி வேண்டும். 75 மி.மீ. பி.வி.சி. குழாய்த் துண்டுகளை வெளிப்பக்கம் சற்றே சரியும்படி வைத்துக் கட்டச் சொல்லுங்கள். முதல் வரிசை வெளித்தரைக்கு அரை அடி மேலே, ஐந்தடிக்கு ஒன்று. மூன்றடிக்கு மேற்பட்ட சுவரானால் இரண்டாவது வரிசையை முதல் வரிசைக் குழாய்களின் இடைவெளிக்கு நேராக மாற்றி வையுங்கள். உள்வாயில் துரு ஏறாத வலை கட்டிவிட வேண்டும். கட்டி முடித்த பிறகு துளை போடுவது வீண் வேலை. மறக்காமல் இன்னொன்று: பூச்சு வேலையின்போது குழாய் வாயைக் கலவையால் மூடி மெழுகிவிடுகிறார்கள். சுவர் அழகாகத்தான் இருக்கும், ஐப்பசிவரை.

9. அந்தக் குழாய்கள் யார் பக்கம் ஒழுகும் என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள். நெசவாளர் தெருக்களில் வீட்டுக்கு வீடு ஒட்டிய சுவர். உங்கள் மேட்டுத் தண்ணீர் அடுத்த வீட்டுத் தறிக்கூடத்துக்குள் போனால் சுவர் நின்றாலும் உறவு நிற்காது. குழாய்களுக்குக் கீழே உங்கள் எல்லைக்குள்ளேயே ஒரு சின்ன வாய்க்கால் கட்டித் தெருப் பக்கம் அல்லது மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்பிவிடுங்கள்.

10. மேல்பக்கத்தை மூடுவதற்கு மட்டும் களிமண் நல்லது. ஜல்லிக்கும் மண்ணுக்கும் மேலே முக்கால் அடிக்குக் களியைத் தட்டி, சுவரை விட்டு விலகிச் சரியும்படி மட்டம் பிடித்தால் மழைநீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடும். மாடித் தண்ணீர்க் குழாய் இந்த இடத்தில் கொட்டினால் இத்தனை பாடும் வீண்.

11. இப்போது கலவை. சாதாரண வீட்டுச் சுவருக்கு சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஆறு என்பது மேஸ்திரிகளின் வழக்கம். மண் தாங்கும் சுவருக்கு ஒன்றுக்கு ஐந்து போடுங்கள். தரைக்குக் கீழேயும் எப்போதும் ஈரம் நிற்கும் அடி வரிசைகளிலும் ஒன்றுக்கு நாலு. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2250 சொல்லும் வலிமைக் கணக்கில் 1:6 கலவை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 3 நியூட்டன், 1:5 கலவை 5, 1:4 கலவை 7.5. செலவு வித்தியாசம் பயப்படும் அளவு இல்லை. ஒரு கன மீட்டர் செங்கல் கட்டுக்கு 1:6-இல் ஏறக்குறைய ஒன்றேகால் மூட்டை சிமென்ட், 1:4-இல் ஒன்றேமுக்கால் மூட்டை. அரை மூட்டைதான் கூடுகிறது. அதற்காக 1:3-க்குத் தாவ வேண்டாம். அவ்வளவு கெட்டிக் கலவை காயும்போது சுருங்கி, செங்கல்லை விட்டுத் தலைமுடிக் கீறலாகப் பிரியும். அந்தக் கீறல் வழியே ஈரம் வரும்.

12. கலவை எண்ணிக்கை தாளில் சரியாக இருந்து சட்டியில் தவறுவதுண்டு. 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்று 35 லிட்டர் கொள்ளளவு. உள்ளளவு 35 சென்டிமீட்டர் அகலம், 40 நீளம், 25 உயரத்தில் ஒரு மரப்பெட்டி செய்துகொண்டால் அது சரியாக 35 லிட்டர். ஒரு மூட்டைக்கு ஐந்து பெட்டி மணல் என்று எண்ணிப் போடலாம். பாண்டு சட்டியில் அள்ளினால் சித்தாள் கை அசந்த நேரத்துக்கு ஏற்பக் கலவை மாறும். ஈர மணல் உப்பி நிற்கும் என்பதும் நினைவிருக்கட்டும். லேசாக நனைந்த மணல் காய்ந்த மணலைவிட நாலில் ஒரு பங்குவரை கூடுதல் இடம் அடைக்கும். அப்போது பெட்டிக்கணக்கில் ஐந்துக்கு ஆறு போட்டால்தான் உண்மையில் ஐந்து.

13. கட்டும் மணலுக்கு ஒரு பாட்டில் சோதனை. கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு மணல், முக்கால்வரை தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி மூன்று மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மணல் அடியில் படியும். அதன்மேல் மெல்லிய வண்டல் அடுக்கு தெரியும். மணல் அடுக்கு பத்து சென்டிமீட்டர் என்றால் வண்டல் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. எம்-சாண்ட் வாங்கினாலும் இதே சோதனைதான். கழுவாத எம்-சாண்டில் மாவு கூடுதலாக இருக்கும்.

14. குடிக்கத் தகுந்த தண்ணீரே கலவைக்கும் தகும். உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீரில் கலந்தால் பின்னால் சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். கலந்த சிமென்ட் கலவையை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன் கலந்து, இறுகிப்போனதைப் பிறகு தண்ணீர் தெளித்துக் கிளறுவதைப் பார்த்தால், "மேஸ்திரி, இது எத்தனை மணிக்குக் கலந்தது?" என்று தயங்காமல் கேளுங்கள்.

15. செங்கல். இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும்; நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது; மூன்றடி உயரத்திலிருந்து போட்டால் உடையக் கூடாது. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. மண் தாங்கும் சுவருக்கு முக்கியம் தண்ணீர் உறிஞ்சும் அளவு. நன்றாகக் காய்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். ஐ.எஸ். 1077 சாதாரணச் செங்கல்லுக்கு 20 சதவீதம்வரை விடுகிறது. அதாவது மூன்று கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டக் கூடாது. ஈர மண்ணை ஒட்டி நிற்கப்போகும் கல் மூன்றரை கிலோவுக்குள் நின்றால் திருப்தி. ஏ.ஏ.சி. பிளாக் இந்த வேலைக்கு வேண்டாம். இந்தச் சுவர் தன் எடையால் நிற்பது; எடை குறைந்த கல்லால் கட்டி என்ன லாபம்?

16. கட்டும் முறை பற்றிச் சுருக்கமாக. கல்லை ஊறவைத்துக் கட்டுங்கள். கல்லில் உள்ள குழி மேலே பார்க்கட்டும். நெடுக்குக் கல் ஒரு வரி, குறுக்குக் கல் ஒரு வரி என்று மாற்றி வைத்தால் சுவரின் முன்பக்கமும் பின்பக்கமும் பிணைந்து நிற்கும். நடுவில் உடைசல் போட்டு நிரப்பி இரண்டு ஒட்டுச் சுவராகக் கட்டுவது கூடவே கூடாது. ஒரு நாளைக்கு மூன்றடிக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

17. பழைய சுண்ணாம்புச் சுவரை ஒட்டுப்போடும்போது வெறும் சிமென்ட் கலவை பூசாதீர்கள். அந்தக் காலத்து மென்மையான கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் ஈரத்தை உறிஞ்சும், வெளியிடும். கெட்டிச் சிமென்ட் ஈரத்தை அடைத்துவிடும். சாந்து நிற்கும், பக்கத்துச் செங்கல் பொரிந்து உதிரும். சிமென்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்ற கலவை இந்த வேலைக்குப் பொருந்தும். சற்றே வளைந்து கொடுக்கும். வலிமையில் 1:6 சிமென்ட் கலவைக்குச் சமம்.

18. கட்டி முடித்த மறுநாளே மண் தள்ளும் அவசரம்தான் பல சுவர்களைக் கெடுத்திருக்கிறது. குறைந்தது ஏழு நாள், வெயில் காலமானால் பத்து நாள் தண்ணீர் காட்டுங்கள். சிமென்ட் தன் முழு வலுவுக்கு வர 28 நாள் ஆகும். நிரப்புவதை அதுவரை தள்ளிப்போட முடிந்தால் நல்லது. ஆடியில் சுவர், ஆவணியில் மண் என்று வைத்துக்கொண்டால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் மண்ணும் படிந்திருக்கும்.

19. அரை அடி உயரத்துக்கு ஒரு அடுக்காகப் பரப்பி, லேசாக நனைத்து, திமிசுக் கட்டையால் இடியுங்கள். பிறகு அடுத்த அடுக்கு. சுவரிலிருந்து மூன்றடிக்குள் ஜே.சி.பி. வரக் கூடாது, அங்கே கையால்தான். நம் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு: முழுவதும் கொட்டிவிட்டு மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை நிரப்பிவிடுவது, "தானா அடங்கிடும்" என்று. மணலுக்கு அது பலிக்கும். ஆனால் அந்த இரவு சுவருக்குப் பின்னால் நிற்பது, முதல் குறிப்பில் சொன்ன 950 கிலோ. பச்சைச் சுவர் அதைத் தாங்காது.

20. தறிக்குழிக்கு இதுவரை சொன்னதில் ஒரு பெரிய விலக்கு உண்டு. குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் விட்டு மிதிக்கிறார். அந்தக் குழியின் நாலு பக்கமும் செங்கல் சுவர், வெளியே மண். இங்கே ஒழுகுத் துளை வைத்தால் தண்ணீர் குழிக்குள்தான் வரும்! மழைக்காலத்தில் குழியில் ஊற்று வந்து வேலை நின்றுபோவது காஞ்சிபுரம் சுற்றுவட்டார நெசவாளர்களின் வருடாந்திரத் தொல்லை. ஈரக் காற்றில் பட்டு நூல் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, பாவு தொய்கிறது, ஜரிகையின் பளபளப்பு மங்குகிறது, அச்சில் துரு ஏறுகிறது. எனவே இங்கே வேலை, தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது. குழியின் அடியில் நாலு அங்குலம் கான்கிரீட். சுவர் 1:4 கலவையில். நாலு மூலையும் ஒன்றையொன்று தாங்குவதால் இரண்டரை அடி ஆழத்துக்கு ஒன்பது அங்குலமே போதும். பூசுவது சுவரின் வெளிமுகத்தில்: மண் நிரப்புவதற்கு முன்பே நீர்த்தடுப்பு மருந்து கலந்த 1:3 பூச்சு, அதன்மேல் இரண்டு கை தார்ப்பூச்சு. குழி தோண்டிய கரைக்கும் சுவருக்கும் நடுவில் கிடைக்கும் சந்தில் தோண்டிய மண்ணையே அள்ளிப் போட்டுவிடுவார்கள். அப்படிச் செய்யாமல் கிராவலை இடித்து நிரப்புங்கள். தெருவே வீட்டைவிட உயர்ந்துபோன இடத்தில் இவை எல்லாம் செய்தும் ஊற்று வரும். அங்கே தறிக்கூடத்தின் தரையையே உயர்த்தி, குழியையும் சேர்த்து மேலே தூக்குவதுதான் வழி.

21. சாயத் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் தொட்டிக் கழிவு சுவருக்குப் பின்னால் ஊறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாயம் போடும்போது சேர்க்கும் உப்புகள் சிமென்டோடு வேலை செய்து கலவையை உப்பவைத்து உதிர்க்கும். கலவையைக் கூட்டிப் போட்டு அதைச் சமாளிக்க முடியாது. கழிவைத் தனிக் குழாயில் எடுத்துவிட வேண்டும்.

22. பேஸ்மென்ட், தோட்டத்துச் சுவர்களிலும் தார்ப்பூச்சு மண் பக்கத்தில்தான். வெளிமுகத்தை முடிந்தால் பூசாமல், சந்துகளை மட்டும் நிரப்பி விட்டுவிடுங்கள். உள்ளே புகுந்த ஈரம் அந்தப் பக்கமாகக் காயட்டும். வெளியே மட்டும் பூசி வண்ணம் அடித்தால் ஒரே வருடத்தில் கொப்புளம் வரும்.

23. சுவரின் உயரம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு தூரம் மேல்பக்கத்தில் பாரம் வேண்டாம். கார் நிறுத்துமிடம், தண்ணீர்த் தொட்டி, செங்கல் அடுக்கு எல்லாம் தள்ளியே இருக்கட்டும். சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்தால் விரல் கனத்திலேயே வேரோடு எடுங்கள்.

24. சுற்றுச்சுவரை மண் தாங்கும் சுவராக மாற்றாதீர்கள். எல்லைக்காகக் கட்டிய ஒன்பது அங்குலச் சுவரை நம்பி உட்பக்கம் மண் கொட்டி மேடாக்குவது ஊருக்கு ஊர் நடக்கிறது. மேட்டுப்பாளையம் அருகே நடூரில் 2019 டிசம்பர் 2 விடியற்காலை, பெருமழைக்குப் பிறகு, சுமார் 20 அடி உயரக் கருங்கல் சுற்றுச்சுவர் சரிந்து, கீழே இருந்த தலித் மக்களின் வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்றே பலரும் சொன்னார்கள். கட்டுகிறவர் மேட்டில் இருப்பார், சுவர் விழுவது பள்ளத்தில் இருப்பவர்மேல். உங்கள் வீடு பள்ளத்தில் இருந்து, பக்கத்துச் சுவர் உங்கள் பக்கம் சாய்ந்திருந்தால் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். மேலிருந்து தொங்கவிட்ட நூலுக்கும் சுவரின் அடிக்கும் உள்ள இடைவெளியைக் குறித்து வைத்து மாதம் ஒருமுறை அளந்தால் நகர்கிறதா என்று தெரியும். நகர்ந்தால், மழைக்காலத்தில் அந்தச் சுவரை ஒட்டிய அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

25. மழை விட்டதும் ஆபத்து விட்டது என்று நினைக்க வேண்டாம். சுவருக்கு வெளியே தேங்கி நின்ற வெள்ளமும் சுவரை எதிர்ப்பக்கத்திலிருந்து தாங்கிக்கொண்டிருக்கும். அது சட்டென வடிந்து, பின்னால் மண் மட்டும் ஊறிக் கிடக்கும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் சுவர் சாய்வது அதிகம். காஞ்சிபுரம் கோயில் குளங்களின் கருங்கல் படிகளைச் சாந்து இல்லாமல் அடுக்கியிருப்பதில் இதற்கும் ஒரு விடை இருக்கிறது. குளம் இறங்கும்போது கரையில் ஊறிய தண்ணீர் கல் இடுக்குகள் வழியே கூடவே இறங்கிவிடும்.

26. ஐப்பசியின் முதல் பெருமழைக்கு மறுநாள் காலை குடையோடு போய்ச் சுவரைப் பாருங்கள். குழாய்கள் ஒழுகினால், அதுவும் தெளிந்த தண்ணீராக ஒழுகினால், எல்லாம் சரி. கலங்கலாக வந்தால் பின்னால் மண் அரித்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் மேல்மண்ணை விலக்கி ஜல்லியும் துணியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். குழாய் வறண்டு, சுவர் மட்டும் நடுவில் திட்டுத் திட்டாக நனைந்திருந்தால் குழாய் அடைத்திருக்கிறது. ஒரு நீளக் கம்பியை விட்டு அன்றைக்கே குத்தி எடுத்துவிடுங்கள். அடுத்த மழைவரை தள்ளிப்போட வேண்டாம்.